மொரீஷியஸ் வழியாக வரும் பணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியாவுக்குள் வரும் வெளிநாட்டு முதலீட்டைப் பற்றி எந்தச் செய்தியைப் படித்தாலும், சுற்றிச் சுற்றி ஒரு பெயர் வந்து நிற்கும்: மொரீஷியஸ். இந்தியப் பெருங்கடலின் தென்மேற்கு மூலையில் உள்ள தீவு நாடு அது. பரப்பளவு சுமார் 2,040 சதுர கிலோமீட்டர், அதாவது கன்னியாகுமரி மாவட்டத்தைவிடக் கொஞ்சம் பெரிது. மக்கள் தொகை 12 லட்சத்துக்குச் சற்று மேல், இது அதே மாவட்டத்தைவிடக் குறைவு. இவ்வளவு சின்ன நாட்டிலிருந்து இத்தனை பணம் எப்படி வருகிறது? வாசகர்கள் பலமுறை கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில்.

கரும்பு விளைந்த தீவு எப்படி நிதி மையமாக மாறியது?

வேறு வழியில்லாமல்தான். 1968 மார்ச் 12 அன்று சுதந்திரம் கிடைத்தபோது அந்த நாட்டின் ஏற்றுமதி என்றால் சர்க்கரை, அவ்வளவுதான். எண்ணெய் இல்லை, கனிமம் இல்லை, நிலமும் கிடையாது. அதற்குச் சில வருடம் முன்பே பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் மீட் வந்து பார்த்துவிட்டு, பெருகும் மக்கள் தொகையை இந்தத் தீவு தாங்காது என்ற தொனியில் எச்சரித்திருந்தார். (பிற்பாடு நோபல் பரிசு வாங்கியவர். இந்த விஷயத்தில் அவர் கணிப்பு பலிக்கவில்லை.)

1970இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் கொண்டுவந்து துணி ஆலைகளை வரவழைத்தார்கள். 1975இலிருந்து ஐரோப்பா உத்தரவாத விலையில் சர்க்கரை வாங்கியது. இரண்டுமே அடுத்தவர் தயவில் ஓடுபவை, என்றைக்காவது நின்றுபோகும் என்று அங்கே ஆட்சியில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1989இல் பங்குச் சந்தை தொடங்கினார்கள். 1992இல் ஆஃப்ஷோர் வணிகத்துக்கென்றே தனிச் சட்டம் வந்தது. அப்போதைய நிதியமைச்சர் ராமா சிதானென், தமிழ் வம்சாவளியைச் சேர்ந்தவர். பயந்தது நடந்தும்விட்டது: 2005இல் உலக ஜவுளி ஒதுக்கீட்டு முறை முடிந்தது, 2006இலிருந்து ஐரோப்பா சர்க்கரை விலையைப் படிப்படியாக 36 சதவீதம் குறைத்தது. அதற்குள் நிதித் துறை வேர் பிடித்துவிட்டது. இன்று நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு அதிலிருந்துதான் வருகிறது.

ஆஃப்ஷோர் கம்பெனி என்றால் என்ன?

பதிவு ஒரு நாட்டில், தொழிலும் முதலாளியும் வேறு நாட்டில். அப்படி அமைந்த கம்பெனியைத்தான் அப்படிச் சொல்கிறோம். அதுவே குற்றம் ஆகாது. எதற்காக அப்படி அமைத்தார்கள், யாரிடம் மறைத்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான் நல்லதும் கெட்டதும்.

இந்தியாவோடு போட்ட ஒப்பந்தத்தில் அப்படி என்ன இருந்தது?

மொத்தக் கதையின் ஆணிவேர் இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

ஒரே வருமானத்துக்கு இரண்டு நாடுகளும் வரி போட்டால் யாரும் எல்லை தாண்டி முதலீடு செய்யமாட்டார்கள். அதைத் தவிர்க்க நாடுகள் தங்களுக்குள் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும். இந்தியாவும் மொரீஷியஸும் 1982 ஆகஸ்டில் கையெழுத்திட்டன. 1983இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 13ஆவது பிரிவு சொன்னது இது: மொரீஷியஸ்வாசி ஒருவர் இந்தியக் கம்பெனியின் பங்கை விற்று லாபம் பார்த்தால், அந்த லாபத்துக்கு வரி போடும் உரிமை மொரீஷியஸுக்கு மட்டுமே.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மொரீஷியஸில் மூலதன ஆதாய வரி (பங்கு போன்றவற்றை விற்ற லாபத்துக்குப் போடும் வரி) என்ற ஒன்றே கிடையாது. வரி போடும் உரிமை யாரிடம் போனதோ, அந்த நாடு வரி போடுவதில்லை. இந்தியாவோ போட முடியாது. இரட்டை வரியைத் தவிர்க்கப் போட்ட ஒப்பந்தம் ஒற்றை வரிக்கும் வழியில்லாமல் செய்துவிட்டது.

முதல் பத்து வருடம் இது யார் கண்ணையும் உறுத்தவில்லை. காரணம், அப்போது வெளிநாட்டவர் இந்தியப் பங்குச் சந்தைக்குள் நுழையவே முடியாது. 1991இல் தாராளமயம் வந்தது. 1992 செப்டம்பரில் அன்னிய நிறுவன முதலீட்டாளர்களுக்கு இந்தியா சந்தையைத் திறந்துவிட்டது. அதே வருடம் மொரீஷியஸ் ஆஃப்ஷோர் சட்டம் கொண்டுவந்தது. தூங்கிக்கொண்டிருந்த 13ஆவது பிரிவுக்கு உயிர் வந்தது.

ஒரு கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

நியூயார்க்கில் உள்ள ஒரு முதலீட்டு நிதி, 100 கோடி ரூபாய்க்கு ஓர் இந்தியக் கம்பெனியின் பங்குகளை வாங்கி, நான்கு வருடம் கழித்து 160 கோடிக்கு விற்கிறது என்று வையுங்கள். லாபம் 60 கோடி. அமெரிக்காவிலிருந்து நேரடியாக வந்திருந்தால் இந்தியச் சட்டப்படி இங்கே வரி உண்டு. அதே நிதி, மொரீஷியஸில் ஒரு கம்பெனி தொடங்கி அதன் பெயரில் வாங்கியிருந்தால் (2017க்கு முன்பு) இங்கே சுழியம், அங்கேயும் சுழியம்.

ஒரு நுணுக்கம் உண்டு, பலர் இதைக் கவனிப்பதில்லை. சந்தையில் பட்டியலிட்ட பங்குகளை ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் 2004 அக்டோபரிலிருந்து 2018 மார்ச் வரை யாருக்குமே வரி இல்லை, நமக்கும் இல்லை. ஆக அந்தக் காலத்தில் மொரீஷியஸ் வழியால் உண்மையான ஆதாயம் கிடைத்தது குறுகிய காலத்தில் வாங்கி விற்றவர்களுக்கும், பட்டியலில் வராத கம்பெனிகளில் பணம் போட்ட பிரைவேட் ஈக்விட்டி நிதிகளுக்கும்தான்.

இதெல்லாம் டெல்லிக்குத் தெரியாதா?

நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் விட்டுவைத்தார்கள் என்பது என் கருத்து. நடந்ததைப் பாருங்கள்.

1994இல் மத்திய நேரடி வரிகள் வாரியமே சுற்றறிக்கை எண் 682 மூலம், மொரீஷியஸ்வாசிகளின் பங்கு லாபத்துக்கு இங்கே வரி இல்லை என்று எழுத்தில் கொடுத்தது. 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் சில வருமான வரி அதிகாரிகள் துணிந்து, 'நீங்கள் பெயருக்குத்தான் மொரீஷியஸ், உண்மையில் அங்கிருந்து இயங்கவில்லை' என்று சில முதலீட்டு நிறுவனங்களுக்கு நோட்டீஸ் அனுப்பினார்கள். சந்தை ஆட்டம் கண்டது. பணம் வெளியே போய்விடும் என்ற கூக்குரல் கிளம்பியது. ஏப்ரல் 13 அன்று வாரியம் சுற்றறிக்கை எண் 789ஐ வெளியிட்டது: மொரீஷியஸ் அரசு தரும் வரி வசிப்பிடச் சான்றிதழ் இருந்தால் போதும், மேற்கொண்டு தோண்ட வேண்டாம். தன் அதிகாரிகள் கையை அரசே கட்டிப்போட்டது.

அந்தச் சுற்றறிக்கையை எதிர்த்துப் பொதுநல வழக்கு வந்தது. 2002இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. அதாவது, தனக்கு வரி வேண்டாம் என்று உச்ச நீதிமன்றத்தில் போய் வாதாடியது! 2003 அக்டோபரில் ஆசாதி பச்சாவோ ஆந்தோலன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அரசுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மூன்றாம் நாட்டவர் ஒப்பந்தத்தின் பலனை அனுபவிப்பது சட்டவிரோதம் ஆகாது, வளரும் நாடுகள் முதலீட்டை ஈர்ப்பதற்காக இதைச் சகித்துக்கொள்வதும் உண்டு என்ற ரீதியில் அந்தத் தீர்ப்பு போகிறது.

வரியைவிட டாலர் முக்கியம் என்று அன்றைய அரசுகள் நினைத்தன. கட்சி பேதம் இதில் இல்லை. மாறி மாறி வந்த எல்லாக் கூட்டணிகளும் இந்தக் கதவைத் திறந்தேதான் வைத்திருந்தன. கடல்சார் அரசியலும் சேர்ந்துகொண்டது. பெருங்கடலின் அந்த மூலையில் ஒரு நட்பு நாடு வேண்டும் என்பது டெல்லியின் நெடுநாள் கணக்கு. மொரீஷியஸுக்குச் சொந்தமான அகலேகா தீவில் இந்தியா கட்டிக்கொடுத்த ஓடுபாதையும் படகுத்துறையும் 2024 பிப்ரவரி 29 அன்று திறக்கப்பட்டன.

அந்தக் கம்பெனிகள் எல்லாம் வெறும் பெயர்ப் பலகைதானா?

பாதி உண்மை. தலைநகர் போர்ட் லூயிஸிலிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில் எபேன் என்ற இடம் இருக்கிறது. ஒரு காலத்தில் கரும்புத் தோட்டம். இப்போது கண்ணாடிக் கட்டடங்கள் நிறைந்த சைபர் சிட்டி. இந்த வேலையின் பெரும்பகுதி நடப்பது அங்கேயும் தலைநகரிலும்தான். 'மேனேஜ்மென்ட் கம்பெனி' எனப்படும் உரிமம் பெற்ற நிறுவனங்கள் அங்கே உண்டு. வெளிநாட்டு முதலாளிக்காகக் கம்பெனியைப் பதிவு செய்வது, கணக்கு எழுதுவது, டைரக்டர்களைக் கொடுப்பது, முகவரி கொடுப்பது எல்லாம் அவர்கள் வேலை. ஒரே மாடியில் நூற்றுக்கணக்கான கம்பெனிகளின் பதிவு முகவரி இருக்கும்.

வசிப்பிடச் சான்றிதழ் வாங்க வேண்டுமென்றால் சில நிபந்தனைகள். குறைந்தது இரண்டு டைரக்டர்கள் தீவில் வசிப்பவர்களாக இருக்க வேண்டும், முதன்மை வங்கிக் கணக்கு அங்கே இருக்க வேண்டும், கணக்குப் புத்தகங்கள் அங்கே இருக்க வேண்டும், தணிக்கையும் அங்கே நடக்க வேண்டும், போர்டு மீட்டிங்கில் அந்த இரண்டு பேராவது கலந்துகொள்ள வேண்டும்.

இது நடைமுறையில் எப்படி இருக்கும்? இந்தப் பங்கை வாங்கலாம் என்ற முடிவு நியூயார்க்கிலோ லண்டனிலோ மும்பையிலோ எடுத்தாகிவிடும். அப்புறம் எபேனில் மீட்டிங் கூடும். வெளிநாட்டு டைரக்டர் தொலைபேசியில் வருவார். உள்ளூர் டைரக்டர்கள் இருவரும் முன்கூட்டியே வந்த தாள்களைப் புரட்டி, ஒன்றிரண்டு கேள்வி கேட்டு, தீர்மானம் நிறைவேற்றுவார்கள். மினிட்ஸ் எழுதப்படும். பணத்தை அனுப்பச் சொல்லும் கடிதத்தில் கையெழுத்து விழும். அதே இருவர் அன்று மதியம் வேறொரு கம்பெனியின் மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கலாம். தாளில் எல்லாம் சரியாக இருக்கும். முடிவெடுத்தது யார் என்று கேட்டால்தான் சிக்கல். இத்தனை வருட வழக்குகளும் சுற்றுவது அந்தக் கேள்வியைத்தான்.

அதற்காக எல்லாமே நாடகம் என்றும் சொல்லிவிட முடியாது. அங்குள்ள கணக்காளர்களும் வக்கீல்களும் கெட்டிக்காரர்கள். அந்த வேலையின் பெரும்பகுதி நிஜமான வேலை.

ரவுண்ட் டிரிப்பிங் என்கிறார்களே?

இந்தியரின் பணமே வெளியே போய், வெளிநாட்டு வேஷம் கட்டிக்கொண்டு திரும்பி வருவது. ஹவாலா மூலமாகவோ, ஏற்றுமதி விலையைக் குறைத்தும் இறக்குமதி விலையைக் கூட்டியும் பில் போட்டோ பணம் வெளியேறும். பிறகு ஒரு கம்பெனியின் பெயரில் முதலீடாக உள்ளே வரும். இது பழி சுமத்துபவர்கள் மட்டும் சொல்வதல்ல. 2012 மே மாதம் நிதியமைச்சகம் வெளியிட்ட கறுப்புப் பண வெள்ளை அறிக்கையே, நாட்டுக்குள் வந்த நேரடி அன்னிய முதலீட்டில் சுமார் 42 சதவீதம் மொரீஷியஸிலிருந்து வந்ததாகக் காட்டி, இப்படிப்பட்ட பணத்தின் இறுதி உரிமையாளர்களில் பலர் இந்தியர்களாகவே இருக்கலாம் என்று எழுதியது. இதில் எத்தனை பங்கு அப்படித் திரும்பி வந்தது என்று சொல்லும் நம்பகமான எண் எதையும் அரசு தரவில்லை. ஆகவே சமூக ஊடகங்களில் சுற்றும் 'இத்தனை லட்சம் கோடி' கணக்குகளைக் கண்டால் தாண்டிப் போய்விடுங்கள்.

2016இல் என்னதான் மாறியது?

2016 மே 10 அன்று ஒப்பந்தத்தைத் திருத்தினார்கள். 2017 ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கிய பங்குகளை விற்றால் இந்தியா வரி போடலாம். அதற்கு முன்பு வாங்கியவற்றுக்குப் பழைய சலுகை தொடரும். நடுவில் இரண்டு வருடம், அதாவது 2019 மார்ச் வரை, பாதி வரி. அந்தப் பாதிச் சலுகைக்கும் ஒரு நிபந்தனை: அந்தக் கம்பெனி முந்தைய 12 மாதத்தில் மொரீஷியஸில் 15 லட்சம் மொரீஷியஸ் ரூபாயாவது (நம் பணத்தில் 27 லட்சம்) செலவு செய்திருக்க வேண்டும். தபால் பெட்டிக் கம்பெனிகளை வடிகட்டத்தான் இது. அதே வருடம் சைப்ரஸ், சிங்கப்பூர் ஒப்பந்தங்களும் திருத்தப்பட்டன.

2024 மார்ச்சில் இன்னொரு திருத்தத்திலும் கையெழுத்தானது: ஒரு ஏற்பாட்டின் முக்கிய நோக்கமே வரிச் சலுகை என்று தெரிந்தால் சலுகையை மறுக்கலாம். செய்தி வெளியே வந்ததும் சந்தை பதறியது.

பழைய முதலீடுகளைப் பற்றிய சண்டையும் ஓயவில்லை. 2018இல் ஃபிளிப்கார்ட்டை வால்மார்ட் வாங்கியபோது, அமெரிக்க முதலீட்டு நிறுவனமான டைகர் குளோபல் தன் மொரீஷியஸ் கம்பெனிகள் வழியாகப் பங்குகளை விற்றது. பழைய சலுகை அதற்குப் பொருந்துமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

அப்புறமும் ஏன் மொரீஷியஸ் வழியாகவே வருகிறார்கள்?

திருத்தம் கைவைத்தது பங்குகள் மீதுதான். கடன் பத்திரங்கள், டெரிவேட்டிவ்கள் போன்றவற்றில் வரும் லாபத்துக்குப் பழைய விதியே தொடர்கிறது. இங்கே கொடுத்த கடனுக்கு வரும் வட்டியில் பிடித்தம் 7.5 சதவீதம், சிங்கப்பூர் ஒப்பந்தத்தில் பொதுவாக 15. வரி தவிர வேறு வசதிகளும் உண்டு. ஆங்கிலமும் பிரெஞ்சும் சரளமாகப் பேசும் ஊழியர்கள், நம்மைவிட ஒன்றரை மணி நேரம் மட்டுமே பின்தங்கிய கடிகாரம், கடைசி மேல்முறையீட்டுக்கு லண்டன் பிரிவி கவுன்சில். வழக்கு வந்தால் எங்கே போய் முடியும் என்று முதலீட்டாளருக்குத் தெரியும்.

சிங்கப்பூர் பல வருடங்களில் முந்திவிட்டது என்றாலும், 2000 ஏப்ரலிலிருந்து சேர்த்துப் பார்த்தால் நேரடி அன்னிய முதலீட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்தத் தீவின் கணக்கில்தான் நிற்கிறது.

ஆப்பிரிக்காவுக்கும் இதே வழியா?

ஆமாம். இந்தியாவைவிட அங்கே விளைவு மோசம் என்பேன், ஏனென்றால் பேரம் பேசும் பலம் அந்த நாடுகளுக்கு இல்லை. 2019 ஜூலையில் 'மொரீஷியஸ் லீக்ஸ்' என்ற பெயரில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் வெளியாகின. ஏழை நாடுகளில் சம்பாதித்த லாபம் அங்கே வரி கட்டாமல் எப்படி இந்தத் தீவு வழியாக நழுவுகிறது என்பதை அவை காட்டின. செனகலும் ஜாம்பியாவும் பொறுமையிழந்து 2020இல் மொரீஷியஸுடனான வரி ஒப்பந்தத்தையே முறித்துக்கொண்டன. அங்கோலாவின் 500 கோடி டாலர் அரசு முதலீட்டு நிதியின் பெரும்பகுதி மொரீஷியஸ் வழியாக நிர்வகிக்கப்பட்டது. சர்ச்சை வெடித்ததும் 2018 ஏப்ரலில் அது தொடர்பான கணக்குகளை மொரீஷியஸ் முடக்கியது. பிறகு அடுத்த வருடம் சமரசம் ஏற்பட்டது.

கறுப்புப் பட்டியலில் இருந்ததா?

பணமோசடி தடுப்பைக் கண்காணிக்கும் எஃப்.ஏ.டி.எஃப். என்ற சர்வதேச அமைப்பு 2020 பிப்ரவரியில் சாம்பல் பட்டியலில், அதாவது கூடுதல் கண்காணிப்பில் வைக்கும் நாடுகளின் பட்டியலில், சேர்த்தது. அந்த வருடமே ஐரோப்பிய ஒன்றியமும் தன் அபாயப் பட்டியலில் போட்டது. அரசு அடித்துப் பிடித்துச் சட்டங்களைத் திருத்தி, 2021 அக்டோபரில் முதலாவதிலிருந்து வெளியே வந்தது. அதற்கு முன்பே 2018இல் ஆஃப்ஷோர் கம்பெனிகளுக்கான பழைய உரிம முறையை எடுத்துவிட்டார்கள். அந்த முறையில் பெயருக்கு 15 சதவீத வரி. ஆனால் 80 சதவீதம் வெளிநாட்டில் கட்டியதாகவே பாவித்துக் கழித்துக்கொள்ளலாம் என்பதால் உண்மையில் 3 சதவீதம். கட்டாத வரியைக் கட்டியதாக ஒத்துக்கொள்ளும் இந்தச் சலுகையை எழுதிய அதிகாரிக்குக் கற்பனை வளம் அதிகம்.

அதானி விவகாரத்தில் ஏன் இந்தப் பெயர் அடிபட்டது?

2023 ஜனவரியில் ஹிண்டன்பர்க் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் அறிக்கை, மொரீஷியஸில் உள்ள நிதிகள் வழியாக அதானி குழுமத்துக்கு நெருக்கமானவர்களே பங்குகளை வைத்திருப்பதாகக் குற்றம்சாட்டியது. குழுமம் மறுத்தது. 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் விசாரணையை பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையமான செபியிடமிருந்து மாற்ற மறுத்துவிட்டது. யார் சொல்வது சரி என்பதைத் தாண்டி, ஒரு நிதியின் கடைசி உரிமையாளர் யார் என்று கண்டுபிடிப்பது ஒழுங்குமுறை ஆணையத்துக்கே எவ்வளவு கஷ்டம் என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்தது. அறிக்கை வந்த 2023ஆம் ஆண்டு ஆகஸ்டிலேயே செபி புது விதி போட்டிருந்தது: இந்திய முதலீட்டில் பாதிக்கு மேல் ஒரே குழுமத்தில் வைத்திருக்கும் வெளிநாட்டு நிதிகள் உரிமையாளர் விவரத்தைக் கடைசி மனிதர்வரை சொல்ல வேண்டும்.

மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறதாமே?

இருக்கிறது, தமிழ் எண்களும்கூட. பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலேயே புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கைவினைஞர்களாகப் போனவர்கள் தமிழர்கள். ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் அதற்கு நூறு வருடம் பின்னால் வந்தவர்கள். 1998இல் புது நோட்டில் தமிழைப் பின்னால் தள்ளி இந்தியை முன்னால் போட்டதும் தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். ஆஃப்ஷோர் பணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கேட்டதால் சொன்னேன்.

நானும் அங்கே ஒரு கம்பெனி தொடங்கி வரியை மிச்சப்படுத்தலாமா?

இந்தியாவில் வசிப்பவர் என்றால், அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். முதலில், மேலே சொன்ன சலுகைகள் எல்லாம் மொரீஷியஸ்வாசிக்கு. நீங்கள் இந்தியவாசி, உலகில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே வரி கட்ட வேண்டும். பணத்தை வெளியே அனுப்புவதற்கு ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர் என்ற உச்சவரம்பு உண்டு. அந்தக் கம்பெனியை இங்கே உட்கார்ந்து நீங்களே நடத்தி, வரவு 50 கோடி ரூபாயைத் தாண்டினால், அதையே இந்தியக் கம்பெனியாகக் கருதி வரி போடலாம். அதற்குக் கீழே இருந்தாலும் டைரக்டர் கட்டணம், நிர்வாகக் கட்டணம், தணிக்கைக் கட்டணம் என்று வருடா வருடம் போகும் செலவுக்கு ஈடாக மிச்சம் ஒன்றும் இருக்காது.

அந்தச் சொத்தை வருமான வரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் காட்டியே ஆக வேண்டும். மறைத்தால் 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி 30 சதவீத வரி, அதன் மேல் மூன்று மடங்கு அபராதம், வழக்கு வேறு. மறைத்துவிடலாம் என்ற நினைப்பே பழைய காலத்தது. வங்கிக் கணக்கு விவரங்களை நாடுகள் தானாகப் பரிமாறிக்கொள்ளும் ஏற்பாட்டில் மொரீஷியஸ் 2018இலேயே சேர்ந்துவிட்டது. எபேனில் உள்ள வங்கிக் கணக்கின் இருப்பு, நீங்கள் சொல்லாமலேயே உங்கள் பான் எண்ணைத் தேடிக்கொண்டு இங்கே வந்துவிடும்.